சுனாபட்டி ஆலை முதல் லோனாவாலா அணை வரை: நிலக்கரிக்கு மாற்று தேடிய ஜம்ஷெட்ஜி டாடாவின் கதை

சிஎஸ்எம்டியிலிருந்து ஹார்பர் லைனில் வந்தால் குர்லாவுக்கு முந்தின ஸ்டேஷன் சுனாபட்டி. சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் சூளை. நம்ம ஊரில் இருந்திருந்தால் 'சுண்ணாம்புக் காளவாய்' என்று பெயர் வைத்திருப்பார்கள். ஸ்டேஷனுக்கு அருகே ஒரு சாலைக்கு சுதேசி மில் ரோடு என்று பெயர். அந்த மில் 2000-ல் மூடப்பட்டது. நிலுவைத் தொகைக்காக அதன் தொழிலாளர்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

1886-ல் அந்த மில்லை வாங்கி, 'சுதேசி' என்று பெயர் மாற்றியவர் ஜம்ஷெட்ஜி நுஸர்வான்ஜி டாடா. எஃகு, தாஜ் ஹோட்டல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் என்று அவரைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஏதாவது இருக்கும். அதிகம் பேசப்படாத ஒன்று, அவர் கடைசி ஆண்டுகளில் தூக்கிச் சுமந்த மின்சாரக் கனவு. பம்பாயின் ஆலைகளை நிலக்கரியிலிருந்து விடுவித்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழையில் ஓட வைக்கவேண்டும் என்பது அந்தக் கனவு.

இதை இப்போது ஏன் பேசவேண்டும்? மத்திய அரசு 2025-ல் புவிவெப்ப ஆற்றலுக்கென்று ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. சுமார் 10,000 மெகாவாட் மின்சாரம் எடுக்க முடியும் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மும்பைக்குப் பக்கத்திலேயே, தானே மாவட்டத்தின் வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. ஆனால் வணிக ரீதியில் கிரிட்டுக்கு மின்சாரம் தரும் புவிவெப்ப நிலையம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. காலடியில் சூடு இருக்கு, அப்புறம் ஏன் மின்சாரம் வரலை? 120 ஆண்டுகளுக்கு முன் மழையைப் பார்த்து ஜம்ஷெட்ஜியிடம் கேட்கப்பட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

21,000 ரூபாயில் தொடக்கம்

ஜம்ஷெட்ஜி 1839 மார்ச் 3 அன்று குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தார். பார்சி மதகுருக்களின் குடும்பம். அந்தப் பரம்பரையிலிருந்து விலகி வியாபாரத்துக்கு வந்தவர் அவருடைய அப்பா நுஸர்வான்ஜி. மகனையும் பம்பாய்க்கு வரவழைத்து எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் சேர்த்தார். 1858-ல் படிப்பு முடிந்தது. அடுத்த ஆண்டே குடும்ப வியாபாரத்துக்காக ஹாங்காங் போனார்.

அதன்பின் வந்த பருத்திக் காலம் இன்றைய கிரிப்டோ காலம் மாதிரி. அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயருக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. இந்தியப் பஞ்சின் விலை வானத்துக்கு ஏறியது. பம்பாயே சூதாட்டத்தில் இறங்கியது. 1865-ல் போர் முடிந்தது, சந்தை சரிந்தது. அந்த நேரத்தில் லண்டனில் இருந்த இளைஞர் ஜம்ஷெட்ஜி, கடன்காரர்களை நேருக்கு நேர் சந்திக்க வேண்டிவந்தது. 1868-ல் அவர் 21,000 ரூபாய் முதலோடு சொந்தமாக ஒரு வர்த்தக நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி, நூற்பாலையாக மாற்றி, கொஞ்ச காலத்திலேயே லாபத்துக்கு விற்றார்.

ஆலை எங்கே இருக்கணும்?

அவருடைய அடுத்த முடிவில்தான் எரிபொருள் கணக்கு முதன்முதலாகத் தெளிவாகத் தெரிகிறது. எல்லோரும் பம்பாயில் ஆலை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் நாக்பூருக்குப் போனார். பஞ்சு விளைகிற இடம் பக்கம், நிலம் மலிவு, வரோரா நிலக்கரிச் சுரங்கமும் தூரமில்லை. எம்ப்ரெஸ் மில் 1877 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அங்கே அவர் காற்றில் ஈரப்பதம் காக்கும் கருவிகளையும் தீயணைப்புத் தெளிப்பான்களையும் வைத்தார். தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதியும் விபத்து இழப்பீடும் சட்டம் வருவதற்கு வெகு முன்பே அங்கே வந்தன.

நாக்பூரில் ஜெயித்த கையோடு பம்பாய்க்குத் திரும்பி குர்லாவின் தரம்சி மில்லை ஏலத்தில் எடுத்தார். நம்முடைய சுனாபட்டி சுதேசி மில் அதுதான். பழைய இயந்திரங்கள், நஷ்டக் கணக்கு, சந்தேகப்படும் பங்குதாரர்கள். அதை நிமிர்த்த பல ஆண்டுகள் பிடித்தன. நாக்பூரில் இருந்த வசதி ஒன்று இங்கே இல்லை: பக்கத்தில் நிலக்கரி இல்லை.

பம்பாயின் பலவீனம் இது. 1900 வாக்கில் நகரத்தில் சுமார் 80 பஞ்சாலைகள். அத்தனையும் நீராவி எஞ்சினில் ஓடின. அவற்றுக்கு வேண்டிய நிலக்கரி 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் வங்காளச் சுரங்கங்களிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் வரவேண்டும். இல்லாவிட்டால் பிரிட்டனிலிருந்து கடல் தாண்டி வரவேண்டும். சரக்குக் கட்டணம் ஏறினால் நூலின் விலையும் ஏறும். கப்பல் கட்டணம் எப்படி ஒரு தொழிலை நெரிக்கும் என்பது ஜம்ஷெட்ஜிக்கு நேரடி அனுபவம். சீனா, ஜப்பானுக்கு நூல் ஏற்றுமதி செய்யும் பாதையில் பி அண்ட் ஓ கம்பெனியின் கட்டணத்தை எதிர்த்து, 1890-களில் ஜப்பானியக் கம்பெனியோடு சேர்ந்து சொந்தக் கப்பல் போக்குவரத்தைத் தொடங்கினார். எதிர்த்தரப்பு கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்ததும் அந்த முயற்சி படுத்துவிட்டது.

புகை இன்னொரு பக்கம். பரேல், லால்பாக் புகைபோக்கிகள் கக்கிய கரி நகரத்தின் துணிகளிலும் மூச்சிலும் படிந்தது. புகைத் தொல்லையைக் கட்டுப்படுத்த 1912-ல் தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது.

மழையை எரிபொருளாக்கும் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரிலிருந்து பம்பாய்க்கு மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனையை டேவிட் கோஸ்ட்லிங் என்ற பம்பாய்க் கட்டடப் பொறியாளர் கொண்டுவந்தார். ஜம்ஷெட்ஜி அதைப் பற்றிக்கொண்டார். இடம்: லோனாவாலா, கண்டாலா பகுதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பேய்மழை. பிறகு எட்டு மாதம் சொட்டு இல்லை. ஆனால் மலையின் மேற்கு விளிம்பு செங்குத்தாக இறங்குகிறது. மேலே ஏரி, கீழே கோபோலி. இடையில் 500 மீட்டருக்கும் அதிகமான உயரம்.

இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,000 லிட்டர் தண்ணீர் 500 மீட்டர் கீழே விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 1.3 யூனிட். ஒரு ஏசியை ஒரு மணி நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். அதே மின்சாரத்துக்கு இன்றைய அனல் நிலையத்தில் ஒரு கிலோவுக்குக் குறைவான நிலக்கரி போதும். அதாவது ஒரு டன் தண்ணீர், ஒரு கிலோ நிலக்கரிக்கும் ஈடாகாது. இதைப் பார்த்தால் திட்டத்தின் பருமன் புரியும். ஒரு நகரத்தின் ஆலைகளை ஆண்டு முழுக்க ஓட்ட, நான்கு மாத மழையை ஏரி ஏரியாகப் பிடித்து வைக்கவேண்டும். அணை, சுரங்கம், குழாய், மலையிலிருந்து பரேல் வரை சுமார் 70 கிலோமீட்டர் உயர் அழுத்தக் கம்பி என்று எல்லாவற்றையும் முதல் யூனிட் விற்பதற்கு முன்பே கட்டியாகவேண்டும்.

நிலக்கரியின் வசதியே வேறு. எஞ்சின் வாங்கினால் போதும். எரிபொருளுக்கு மாதாமாதம் காசு கொடுத்துக்கொள்ளலாம். அணையிலோ எரிபொருள் இலவசம், ஆனால் முப்பது நாற்பது ஆண்டுச் செலவை முதல் நாளே போடவேண்டும். வீட்டுக் கூரையில் சோலார் போட விலை விசாரித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல.

1902-ல் ஜம்ஷெட்ஜி அமெரிக்கா போனார். அப்போது அவருக்கு 63 வயது, உடல்நிலையும் சரியில்லை. எஃகுக்காகப் போன பயணம்தான். ஆனால் நயாகராவில் நீர்மின்சாரம் எப்படித் தயாராகிறது என்பதையும் பார்த்தார், மின்சாரத் துறையின் பெரிய ஆள் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸைச் சந்தித்தார். ஊருக்குத் திரும்பி 1903 டிசம்பரில் தாஜ் ஹோட்டலைத் திறந்தார். மின்விளக்கு எரிந்த அந்தக் கட்டடத்தை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அந்த மின்சாரம் ஹோட்டலின் சொந்த இயந்திரங்களிலிருந்து வந்தது. மலையிலிருந்து வரவேண்டிய மின்சாரம் இன்னும் காகிதத்தில்தான் இருந்தது.

ஒரு விஷயத்தைச் சேர்த்தே சொல்லவேண்டும். அவரை இன்றைய அர்த்தத்தில் 'பசுமை' மனிதராக்குவது நியாயமில்லை. அதே ஆண்டுகளில் அவர் தேடிக்கொண்டிருந்த எஃகு ஆலைக்கு இரும்புத்தாதும் நிலக்கரியும் அருகருகே வேண்டும். ஜாம்ஷெட்பூர் அந்த நிலக்கரியில்தான் எழுந்தது. பருவநிலை மாற்றம் அவருடைய கவலை அல்ல. விலையும் தூரமும் புகையும்தான் கவலை. எரிபொருள் விஷயத்தில் அவர் கொள்கைக்காரர் இல்லை, கணக்குக்காரர். என் பார்வையில் இந்தக் கதையை நம்ப வைப்பதே அதுதான்.

வெந்நீர் ஊற்று ஊரில் மரணம்

1904-ல் இதய நோய் முற்றியது. சிகிச்சைக்காக ஜெர்மனியின் பாட் நவ்ஹைம் நகரத்தில் தங்கினார். பூமிக்கடியிலிருந்து தானே பொங்கி வரும் வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர் அது. கரியமில வாயு கலந்த அந்த நீரில் குளிப்பது இதய நோயாளிகளுக்கு நல்லது என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். ஜம்ஷெட்ஜி 1904 மே 19 அன்று அங்கே காலமானார். உடல் இங்கிலாந்தின் புரூக்வுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. எஃகு ஆலை, அறிவியல் கழகம், நீர்மின் திட்டம் மூன்றும் அப்போது முடியாமல் நின்றன.

அவர் இறந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. 1904 ஜூலை 4 அன்று இத்தாலியின் லார்டெரெல்லோவில் பியெரோ ஜினோரி கோன்டி என்ற பிரபு, நிலத்தடியிலிருந்து சீறிவந்த நீராவியைக் கொண்டு ஒரு சின்ன ஜெனரேட்டரைச் சுழற்றி ஐந்து பல்புகளை எரிய வைத்தார். பூமியின் சூட்டிலிருந்து மனிதர்கள் எடுத்த முதல் மின்சாரம் அது. லார்டெரெல்லோவில் இன்றும் மின்சாரம் தயாராகிறது.

அணைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

மூத்த மகன் தோராப்ஜி டாடா அப்பாவின் கோப்புகளைக் கையில் எடுத்தார். நீர்மின் திட்டத்துக்கு 2 கோடி ரூபாய்க்கு நெருக்கமாக முதல் தேவைப்பட்டது. அப்பா தொழில் தொடங்கிய 21,000 ரூபாயோடு ஒப்பிட்டால் சுமார் 900 மடங்கு. ஆனால் ஒரு முன்னுதாரணம் இருந்தது. 1907-ல் எஃகு ஆலைக்குப் பங்கு விற்றபோது, மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் முழுப் பங்கையும் வாங்கித் தீர்த்தார்கள். நீர்மின் கம்பெனிக்கும் முதல் இந்தியாவிலேயே திரண்டது. சமஸ்தான மன்னர்களும் பம்பாய் வியாபாரிகளும் பணம் போட்டார்கள்.

இன்னொரு தடை வாடிக்கையாளர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, மலையிலிருந்து வரப்போகும் மின்சாரத்தை நம்பி மோட்டார் வாங்க ஆலை முதலாளிகள் தயங்கினார்கள். ஒரு வருஷம் மழை பொய்த்தால்? கம்பி அறுந்தால்? நியாயமான பயம்தான். வாங்குவோம் என்று சில ஆலைகள் முன்கூட்டியே உறுதி சொன்ன பிறகுதான் திட்டத்துக்குக் கால் முளைத்தது.

1910 நவம்பரில் டாடா ஹைட்ரோ எலெக்ட்ரிக் பவர் சப்ளை கம்பெனி பதிவானது. 1911 பிப்ரவரி 8 அன்று அடிக்கல். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1915 பிப்ரவரி 8 அன்று ஆளுநர் வில்லிங்டன் சுவிட்சைப் போட, கோபோலி மின்சாரம் சிம்ப்ளெக்ஸ் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜம்ஷெட்ஜி இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன்பின் வேகம் பிடித்தது. 1922-ல் ஆந்திரா பள்ளத்தாக்குத் திட்டம் மின்சாரம் தந்தது. பெயர்தான் ஆந்திரா, அது புனே பக்கத்து ஆறு. 1925 பிப்ரவரி 3 அன்று நாட்டின் முதல் மின்ரயில் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஹார்பர் பாதையில் ஓடியது. சுனாபட்டிக்காரர்கள் இன்றைக்கும் ஏறுவது அதே பாதையில்தான். தமிழ்நாட்டிலும் இதே கதை கொஞ்சம் தாமதமாக நடந்தது: 1930-களில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் வந்தபிறகுதான் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின.

மூழ்கிய ஊர்களின் கணக்கு

ஜம்ஷெட்ஜியின் வாழ்க்கைக் கதைகள் பெரும்பாலும் 1915-ல் சுவிட்ச் போட்டதோடு முடிந்துவிடும். அங்கே நிறுத்துவது சரியல்ல என்று நினைக்கிறேன். மூன்றாவது திட்டம் புனேவுக்கு அருகே முல்ஷியில் வந்தது. அந்த ஏரிக்காகச் சுமார் 50 கிராமங்களின் நிலம் தேவைப்பட்டது. மாவள் பகுதியின் நெல் விவசாயிகள். 1894-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை ஒரு தனியார் கம்பெனிக்காக அரசு பயன்படுத்தியது. நிலத்தின் பத்திரம் பல இடங்களில் புனேயின் வட்டிக்கடைக்காரர்கள் கையில் இருந்தது. அதனால் இழப்பீட்டுப் பணம் ஒருவருக்குப் போக, உழுத நிலத்தையும் வீட்டையும் இழந்தவர் இன்னொருவராக இருந்தார்.

1921-ல் முல்ஷி சத்தியாகிரகம் தொடங்கியது. தலைமை தாங்கிய பாண்டுரங் மகாதேவ் பாபட்டுக்கு 'சேனாபதி' என்ற பட்டம் இந்தப் போராட்டத்தில்தான் கிடைத்தது. ஆண்களும் பெண்களும் அணை வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்தார்கள், சிறைக்குப் போனார்கள். மூன்று ஆண்டுகளில் போராட்டம் தோற்றது. பாபட் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார். 1927-ல் பிரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று இதைச் சில வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அப்போது ஜம்ஷெட்ஜி இறந்து 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. முல்ஷிக்கு அவரைப் பொறுப்பாளி ஆக்க முடியாது. ஆனாலும் தொழிலாளர் விபத்துக்கு இழப்பீடு என்று தன் ஆலையில் முன்கூட்டியே யோசித்த மனிதரின் திட்டத்தில், அணையில் மூழ்குகிறவருக்கு அப்படி ஒரு வரி இல்லை. புகை இல்லாத மின்சாரத்தின் விலையை பம்பாய் ஆலை முதலாளி கொஞ்சம் கொடுத்தார், பங்குதாரர் கொஞ்சம் கொடுத்தார், மாவள் விவசாயி மொத்தமாகக் கொடுத்தார்.

சரி, பூமியின் சூட்டுக்கு வருவோம்

அந்த மூன்று நீர்மின் நிலையங்களும் இன்றும் ஓடுகின்றன. மொத்தத் திறன் 447 மெகாவாட். ஆனால் மும்பையின் பசி அதைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. அதே டாடா பவர் 1950-களில் செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் அனல் மின்நிலையம் கட்டியது. அங்கே இப்போது 500, 250 மெகாவாட் நிலக்கரி யூனிட்கள் இருக்கின்றன. மாஹுல், செம்பூர் மக்களுக்கு அந்தப் புகைபோக்கியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

சூரியனும் காற்றும் நிலக்கரிக்கு மாற்றாக வந்துவிட்டன. ஆனால் சூரியன் இரவில் இல்லை. 24 மணி நேரமும் சீராகக் கிடைப்பதுதான் புவிவெப்பத்தின் கவர்ச்சி. அமெரிக்கா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், துருக்கி முன்னணியில் இருக்கின்றன. ஆனாலும் உலகம் முழுக்க நிறுவப்பட்ட திறன் சுமார் 16,000 மெகாவாட் மட்டுமே. செலவு தொடர்ந்து குறைந்தால், 2050 வரை கூடப்போகும் மின்தேவையில் 15 சதவீதத்தைப் புவிவெப்பம் தர முடியும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2024-ல் கணக்கிட்டது.

'குறைந்தால்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புவிவெப்பக் கிணறும் லோனாவாலா அணை மாதிரிதான்: எரிபொருள் இலவசம், செலவு முழுவதும் முன்னாலேயே. அணையைவிட ஒரு படி மோசம் என்றும் சொல்லலாம். மழை பெய்வதைக் கண்ணால் பார்க்கலாம். கீழே வேண்டிய சூடும் நீரும் இருக்கிறதா என்பது துளை போட்ட பிறகுதான் தெரியும். வறண்ட கிணறு என்றால் போட்ட பணம் போனதுதான். அதனால் தனியார் வங்கி முதலில் வருவதில்லை. ஐஸ்லாந்து, கென்யா போன்ற நாடுகளில் ஆரம்பத் துளையிடும் ஆபத்தை அரசு ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிலையங்கள் வந்தன.

கொங்கண் கரையோர ஊற்றுகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. மேலே வரும் நீரின் சூடு பெரும்பாலும் 70 டிகிரிக்கு உட்பட்டதே. டர்பைனை நேரடியாகச் சுழற்றும் நீராவி அங்கே இல்லை. மீன், பழம் உலர்த்தவும், ஹோட்டல்களுக்கு வெந்நீர் தரவும் அது பயன்படலாம். மும்பையின் ஏசிகளை ஓட்டும் என்று யாராவது சொன்னால், ஆழக்கிணற்றின் தரவைக் கேளுங்கள்.

மின்சாரத்துக்கு நாட்டின் பெரிய நம்பிக்கை லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேலே, கொதிக்கும் ஊற்றுகள். 2021 பிப்ரவரியில் அங்கே 1 மெகாவாட் சோதனை நிலையத்துக்காக ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டது. 2022-ல் துளையிடும்போது நிலத்தடித் திரவம் பக்கத்து ஓடையில் கலந்தது, வேலையை நிறுத்தவேண்டியதாயிற்று. ஆடு மேய்த்து வாழும் சாங்பா மக்களின் மேய்ச்சல் பகுதி அது. அவர்கள் பெயரில் பத்திரம் எதுவும் இருக்காது.

ஜம்ஷெட்ஜி கண்மூடிய பாட் நவ்ஹைமில், இதய நோயாளிகள் குளித்த ஊற்றுகள் இன்றும் இருக்கின்றன. ஊரின் தெற்குப் பகுதியில் உருவான புதிய குடியிருப்பு, சில மீட்டர் ஆழத்தில் மண்ணுக்குள் பதித்த குழாய் வலையிலிருந்து சூட்டை எடுத்து, ஹீட் பம்ப் மூலம் வீடுகளைச் சூடாக்கிக்கொள்கிறது. அதைக் கட்டியது அந்த ஊர் நகராட்சியின் சொந்த நிறுவனம்.